தீவக வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர்கள்



உலகத்து அரசியல் கட்சிகளின் பெயர்களும் கொள்கைகளும் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். விரிந்த பொருள். நான் அதற்குள் யாழ்ப்பாணத் தீவகத்தின் ஊர்காவற்றுறைத் தேர்தல் தொகுதி என்னும் வாசல் வழியாகவே நுழைய விரும்புகிறேன். கட்சிப் பெயர் எப்படிப் பிறக்கிறது, கொள்கை எப்படி ஒரு பெயரை விட்டு இன்னொரு பெயருக்குக் குடிபெயர்கிறது, வாக்காளருக்கு அதன் கணக்கை யார் சொல்கிறார் என்பதையெல்லாம் படிப்பதற்கு இந்தத் தொகுதியைவிட நல்ல பாடநூல் இலங்கையில் அதிகம் இல்லை.

1994 ஆகஸ்ட் 16 பொதுத் தேர்தலை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். யாழ்ப்பாணக் குடாநாடு அப்போது விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது; அங்கே வாக்களிப்பு இல்லை. இராணுவத்தின் கையில் இருந்த தீவகத்திலும், இடம்பெயர்ந்தோர் வாக்களித்த சில நிலையங்களிலும் மட்டுமே பெட்டிகள் வைக்கப்பட்டன. யாழ்ப்பாண மாவட்டத்துக்கு உரிய 10 ஆசனங்களில் 9 ஆசனங்கள் பத்தாயிரத்துச் சொச்சம் வாக்குகள் பெற்ற ஒரே அணிக்குப் போயின. அந்த அணி டக்ளஸ் தேவானந்தா தலைமையிலான ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி. ஆனால், போட்டியிட்டது அந்தப் பெயரில் அன்று, சுயேச்சைக் குழுவாக.

இந்தச் செய்தியை நான் எவரையும் குற்றஞ்சாட்டும் நோக்கில் முதலில் வைக்கவில்லை. மிகச் சிறிய நிலப்பரப்பு ஒரு முழு மாவட்டத்தின் குரலைச் சுமந்த நாள் அது. அந்த வாக்குச்சீட்டில் கொள்கையைச் சுட்டும் ஒரு சொல்கூட இல்லை. யாருக்கு வாக்களிக்கிறோம் என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது. எதற்கு வாக்களிக்கிறோம் என்பதைச் சீட்டு சொல்லவில்லை. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பும் இதே மாவட்டத்தில் இதே விதம்தான். 1989இல் 11 ஆசனங்களில் 8ஐ வென்ற ஈரோஸ் அமைப்பும் சுயேச்சைக் குழுவாகவே நின்றது. பின்னர் 2024இல் 17ஆம் இலக்கச் சுயேச்சைக் குழு ஓர் ஆசனத்தைப் பெற்றது. எதையும் சாராதவர் என்ற பொருள்படும் பெயர் எங்கள் மாவட்டத்தில் மூன்று முறை மூன்று வேறுபட்ட அரசியல்களுக்கு மேலாடையாக இருந்திருக்கிறது.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த விசித்திரம் இல்லை. டென்மார்க்கில் ஒரு பெரிய கட்சியின் பெயர் 'வென்ஸ்த்ர'. இடது என்று பொருள். இன்று அது வலதுசாரிப் பக்கம் நிற்கும் கட்சி. 19ஆம் நூற்றாண்டில் அரசனுக்கும் பெருநிலக்காரருக்கும் எதிராக நின்ற கமக்காரர்களின் கட்சி அது; அக்காலத்தில் அதுவே இடது. பிறகு தொழிலாளர் இயக்கம் எழுந்து இன்னும் இடப்பக்கத்தில் போய் அமர்ந்தது. பெயர் நின்ற இடத்தில் நிற்க, அரங்கு நகர்ந்துவிட்டது. இடது, வலது என்ற வழக்கே 1789இல் பிரெஞ்சுத் தேசிய மன்றத்தில் யார் எந்தப் பக்கம் இருந்தார்கள் என்பதிலிருந்து வந்ததுதான். அவுஸ்திரேலியாவில் லிபரல் கட்சி பழமை பேணும் அணி. யப்பானில் 1955இல் தோன்றிய லிபரல் ஜனநாயகக் கட்சியும் அப்படியே. போர்த்துக்கலில் சமூக ஜனநாயகக் கட்சி என்ற பெயருடன் இருப்பது வலது பக்கம் சார்ந்த கட்சி. மெக்சிக்கோவில் 'நிறுவனமயப் புரட்சிக் கட்சி' என்று பின்னர் பெயர் பெற்ற ஒரே கட்சி 2000ஆம் ஆண்டுவரை ஏறத்தாழ ஏழு தசாப்தங்கள் அதிகாரத்தில் இருந்தது. பெயர், பிறந்த காலத்தின் சண்டையைச் சொல்கிறது. இன்றைய நடத்தையை அறியப் பாராளுமன்றத்தில் அவர்கள் எதற்குக் கையுயர்த்தினார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

இனி எங்கள் தொகுதிக்கு வருகிறேன்.

சர்வசன வாக்குரிமை 1931இல் கிடைத்தபோது எங்கள் தொகுதியின் முதல் செயல் வாக்களிக்க மறுத்தது. ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர் வழிநடத்திய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், டொனமூர் யாப்பு பூரண சுயராச்சியம் தரவில்லை என்று கூறி அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொன்னது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஆசனங்கள் வெறுமையாக இருந்தன. அவற்றுக்கு 1934இல்தான் தேர்தல் நடந்தது. 1936இல் வேலணை தந்த சேர் வைத்தியலிங்கம் துரைசுவாமி தெரிவாகி, அந்தச் சபையின் சபாநாயகராக 1947வரை வீற்றிருந்தார்.

காங்கிரஸ் என்ற சொல்லைச் சற்றுக் கவனியுங்கள். 1919இல் சேர் பொன்னம்பலம் அருணாசலத்தைத் தலைவராகக் கொண்டு தோன்றியது இலங்கைத் தேசிய காங்கிரஸ். சீர்திருத்தம் கேட்ட கனவான்களின் சபை. வாலிபர் காங்கிரஸோ சாதி ஒழிப்பையும் முழு விடுதலையையும் பேசிய இளைஞர் இயக்கம். காந்தியடிகளை 1927இல் யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தது. 1939இல் உருவான இலங்கை இந்தியன் காங்கிரஸ் மலையகத் தோட்டத் தொழிலாளருடையது. 1944இல் ஜீ. ஜீ. பொன்னம்பலம் தொடங்கிய அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் சமநிலைப் பிரதிநிதித்துவம் கேட்டது. இந்தியாவில் ஒரு பெயருக்குக் கிடைத்த மதிப்பை இங்கே நான்கு இயக்கங்கள் நான்கு நோக்கங்களுக்காக இரவல் பெற்றன. பிழையில்லை. மதிப்புள்ள பெயரை விரும்புவது இயல்பு. ஆனால் வாலிபர் காங்கிரஸுக்கும் தமிழ்க் காங்கிரஸுக்கும் இடையிலுள்ள தூரத்தை அந்தப் பெயர் மறைத்துவிட்டது. அந்த மறைவினால் இழப்பு வாலிபர் காங்கிரஸுக்கே. இன, சாதி எல்லை கடந்து சிந்தித்த ஒரு யாழ்ப்பாணம் இருந்தது என்பது இன்று பாடசாலைப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1947 பாராளுமன்றத் தேர்தலில் குடாநாட்டில் தமிழ்க் காங்கிரஸ் அலை வீசியபோதும் ஊர்காவற்றுறை அதற்குள் அகப்படவில்லை. ஆல்பிரட் தம்பிஐயா என்ற கொழும்பு வர்த்தகர் சுயேச்சையாக நின்று வென்றார், 1952இலும் அவரே. கடைவைத்துப் பிழைக்கத் தென்னிலங்கைக்குப் போன தீவக மக்களுக்கு, கொள்கைப் பிரகடனத்தைவிடக் கொழும்பில் கதவு தட்டக்கூடிய ஆள் தேவைப்பட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். இதை இழிவாகக் கருதவேண்டியதில்லை. கட்சி என்பதே அன்று புதுப் பழக்கம்.

அதற்கிடையில், பொன்னம்பலம் 1948இல் ஐக்கிய தேசியக் கட்சி அரசில் அமைச்சரானார். மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்ட வேளையில் அந்த அரசோடு நிற்க முடியாது என்று எஸ். ஜே. வி. செல்வநாயகம், கு. வன்னியசிங்கம், இ. மு. வி. நாகநாதன் முதலியோர் பிரிந்து 1949 டிசம்பர் 18இல் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 17இல், கடலுக்கு அப்பால் சென்னையில் திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்திருந்தது. மூன்று மாத இடைவெளியில் பிறந்த இந்த இரு கட்சிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். சென்னையில் பிரிவினைக் கோரிக்கையோடு தொடங்கியவர்கள், 1963இல் இந்திய அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம் வந்தபோது அதைக் கைவிட்டு மாநில சுயாட்சிக்கு வந்தார்கள். கட்சிப் பெயர் அப்படியே இருந்தது. இங்கே சமஷ்டியோடு தொடங்கியவர்கள் பிரிவினைக்குப் போனார்கள், பெயரும் மாறியது. பாதைகள் எதிரெதிர். காரணம் பெரும்பாலும் இந்தியாவில் மொழிவாரி மாநிலங்கள் அமைந்ததும், இங்கே 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்ததும்தான்.

தமிழரசுக் கட்சிக்கு ஆங்கிலத்தில் பெடரல் பார்ட்டி என்று பெயர். ஒரே கட்சி, தமிழரிடம் 'தமிழரசு' என்றது. ஆங்கிலம் படித்தவரிடமும் சிங்கள மக்களிடமும் 'சமஷ்டி' என்றது. இரண்டும் ஒன்றுதான் என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள் என்றே நான் கருதுகிறேன். ஒரு நாட்டுக்குள் தமிழர் தம்மைத் தாமே ஆளும் அரசு, அவ்வளவுதான். ஆனால் கேட்டவர்கள் அப்படிக் கேட்கவில்லை. இதன் விலையை 65 ஆண்டுகளுக்குப் பின் நீதிமன்றத்தில் கொடுக்க நேர்ந்தது. கட்சி தனிநாட்டை நோக்கமாகக் கொண்டது என்று அறிவிக்கும்படி, 1983இன் ஆறாவது அரசியலமைப்புத் திருத்தத்தை ஆதாரமாக வைத்து 2014இல் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யப்பட்டது. கட்சியின் பெயரிலுள்ள அரசு என்ற சொல் என்ன பொருள் தருகிறது, அதன் யாப்பில் சமஷ்டி பற்றி வரும் சொற்கள் எதைக் குறிக்கின்றன என்றெல்லாம் வாதம் நடந்தது. 2017 ஆகஸ்ட் 4இல், பிரதம நீதியரசர் பிரியசாத் டெப் தலைமையிலான ஆயம் மனுவை நிராகரித்தது: சமஷ்டி கேட்பது பிரிவினை கேட்பதாகாது. தமிழர் அரசியலில் இவ்வளவு முக்கியமான தீர்ப்பு வந்தும், தமிழில் அது ஊர் ஊராகப் படிக்கப்படவில்லை. கட்சிகளும் படிக்க வைக்கவில்லை. எனக்கு இது பெரிய மனக்குறை.

ஊர்காவற்றுறை 1956இல் வீ. ஏ. கந்தையா வழியாகத் தமிழரசுத் தொகுதியாயிற்று. அவர் மறைவையடுத்து 1963 இடைத்தேர்தலில் வி. நவரத்தினம் வந்தார். எங்கள் தொகுதி வரலாற்றின் மிகக் கனமான அத்தியாயம் இவருடையது. தமிழரசுக் கட்சி 1965இல் டட்லி சேனநாயக்காவின் அரசில் பங்காளியாகியது. அந்தக் கூட்டுறவால் எதுவும் விளையாது என்று நவரத்தினம் முரண்பட்டார். 1968இல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். தமிழர் சுயாட்சிக் கழகம் என்று தனிக் கட்சி அமைத்தார். சமஷ்டி நடவாத காரியம், தமிழர் தனித்து ஆளவேண்டும் என்பது அதன் கொள்கை. தமிழ்நாட்டில் அப்போது சுயாட்சி என்றால் இந்திய ஒன்றியத்துக்குள் கூடுதல் அதிகாரம். நவரத்தினம் கருதியது தனி அரசு. இடையில் இருந்தது பாக்கு நீரிணை மட்டும்.

1970 தேர்தல் வந்தது. தமிழரசுக் கட்சி தன் தேர்தல் அறிக்கையில், நாட்டைப் பிரிக்கக் கோரும் இயக்கங்களுக்கு ஆதரவளிக்க வேண்டாம் என்று மக்களைக் கேட்டுக்கொண்டது. ஊர்காவற்றுறையில் அதன் வேட்பாளர் வேலணைப் பண்டிதர் கா. பொ. இரத்தினம், திருக்குறளைப் பரப்புவதையே வாழ்வாகக் கொண்ட தமிழறிஞர். மக்கள் பண்டிதரைத் தெரிவு செய்தார்கள். நவரத்தினம் தோற்றார்.

பிறகு நடந்தவை விரைவானவை. 1972 குடியரசு யாப்பு சிங்களத்தையும் பௌத்தத்துக்கான முதன்மை இடத்தையும் உறுதிப்படுத்தியது. பழைய யாப்பில் சிறுபான்மைக் காப்பாக இருந்த 29ஆம் பிரிவு போயிற்று. அந்த யாப்பைச் செதுக்கிய அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா, சமத்துவச் சமூகத்தைத் தன் பெயரிலேயே வைத்திருக்கும் லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர்களில் ஒருவர். 1935இல் தொடங்கி நெடுங்காலம் இரு மொழிகளுக்கும் சம இடம் கேட்டுப் போராடிய கட்சி அது. தமிழ் இளைஞர்கள் இடதுசாரிப் பெயர்களில் நம்பிக்கை இழந்ததற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. 1972இலேயே தமிழர் கூட்டணி அமைந்து, 1976 மே 14இல் தனிநாடு கோரும் வட்டுக்கோட்டைத் தீர்மானத்தோடு தமிழர் விடுதலைக் கூட்டணியாயிற்று. 1977இல் அது உதயசூரியன் சின்னத்தில் தனிநாட்டுக்கு ஆணை கேட்டது. ஊர்காவற்றுறையில் வேட்பாளர் அதே பண்டிதர் கா. பொ. இரத்தினம். வெற்றியும் அவருக்கே.

1970இல் நவரத்தினம் முன்வைத்துத் தோற்ற கொள்கை, ஏழே ஆண்டுகளில், அவரைத் தோற்கடித்தவரின் பெயரில், வேறொரு கட்சியின் சின்னத்தில், அதே தொகுதியில் வென்றது. மக்கள் மனம் மாறியதற்கு நியாயங்கள் இருந்தன. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலையும் புதிய யாப்பையும் கண்டவர்கள் அவர்கள். என் கேள்வி கட்சிக்கு உரியது. 1970இல் வேண்டாம் என்று ஏன் சொன்னோம், 1977இல் வேண்டும் என்று ஏன் சொல்கிறோம், இடையில் எதை ஆராய்ந்தோம், இதற்கு என்ன வழி, என்ன விலை என்று தொகுதி மக்களுக்கு முழுக் கணக்கு வைக்கப்பட்டதா? தீர்மானம் இருந்தது, மேடை இருந்தது, உணர்ச்சி இருந்தது. வழி பற்றிய விளக்கம் இருக்கவில்லை.  அந்த விலையில் நெடுந்தீவு கொடுத்த பங்கு, 1985 மே 15இல் குமுதினிப் படகில் வெட்டுண்டவர்களின் வீடுகளுக்குத் தெரியும்.

எண்பதுகளில் பெயர்களின் இலக்கணமே மாறியது. ஈழம், மக்கள், புரட்சி, விடுதலை, முன்னணி என்ற சில சொற்களை முன்பின்னாக அடுக்கியவையே இயக்கங்களின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் படித்து விவாதித்த இளைஞர்கள் இருந்தார்கள் என்பதை நான் மறக்கவில்லை. அந்த வேறுபாடுகள் பேச்சால் தீர்க்கப்படாமல் ஆயுதத்தால் தீர்க்கப்பட்டன. 2001 நவம்பர் 28இல், தேர்தல் பரப்புரைக்கு வந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினர் நாரந்தனையில் தாக்கப்பட்டு இரண்டு பேர் உயிரிழந்தபோது, தன் கட்சியின் பெயரை உரக்கச் சொல்வதே இந்த மண்ணில் உயிராபத்து என்ற நிலை இருந்தது.

அதன் பின் சின்னங்களின் காலம். கூட்டமைப்பு 2001இல் உதயசூரியனில் நின்றது. தமிழர் விடுதலைக் கூட்டணியின் வீ. ஆனந்தசங்கரியோடு பிணக்கு வந்ததும், 2004இல் தமிழரசுக் கட்சியின் பழைய வீட்டுச் சின்னம் வெளியே எடுக்கப்பட்டது. வீடு வந்தது, சூரியன் போனது. மக்களுக்குச் சொல்லப்பட்டது சின்னம் மாறிய செய்தி மட்டும். 2011 உள்ளூராட்சித் தேர்தலில் ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு பிரதேச சபைகளை வென்றது அன்றைய ஆளுங்கூட்டணியின் வெற்றிலைச் சின்னம். அதன் பின்னால் நின்றது வீணைச் சின்னத்துக்குரிய ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி. 2023இல் தமிழரசுக் கட்சி தனித்துப் போக, மற்றைய கூட்டாளிகள் குத்துவிளக்கை ஏந்தினார்கள். வேறு கட்சிகளின் சைக்கிள் ஒருபுறம், மீன் ஒருபுறம். 2024 நவம்பரில் யாழ் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3ஐத் திசைகாட்டி எடுத்துச் சென்றது. மக்கள் விடுதலை முன்னணியை நடுவாகக் கொண்ட தேசிய மக்கள் சக்தி அது. 1994 முதல் இடைவிடாது பாராளுமன்றத்தில் இருந்த டக்ளஸ் தேவானந்தா ஆசனத்தை இழந்தார். சின்னங்கள் பெருகப் பெருக ஆசனங்கள் சுருங்கின: 1989இல் 11, 2004இல் 9, 2015இல் 7, 2024இல் 6. போரும் புலம்பெயர்வும் வெறுமையாக்கிய வீடுகளின் கணக்கு அது. புங்குடுதீவில் நடந்து பார்த்தவர்க்கு விளங்கும்.

கொள்கை எங்கே வெளிப்பட வேண்டும்? எங்கள் கடலில். தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் நெடுந்தீவுக் கரை வரை வந்து வலைகளை அறுத்துப் போகின்றன. எம். ஏ. சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் 2017இல் அடியிழுவையைத் தடைசெய்யும் சட்டமாயிற்று. அப்பாலிருந்து வருபவரும் தமிழர். கூலிக்கு வரும் ஏழைகள். தமிழ்த் தேசியம் என்று பெயரில் வைத்திருக்கும் கட்சிகள், தமிழர் இரு கரையிலும் மோதும் இந்த இடத்தில் எங்கே நிற்கின்றன? தொழிலாளர் பக்கம் என்று சொல்லும் கட்சி, படகு முதலாளிக்கும் கூலிக்கும் என்ன வேறுபாடு காட்டும்? அதுபோலவே நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு மின்திட்டம். 2021 ஜனவரியில் சீன நிறுவனத்துக்கு என்றார்கள். 2022 மார்ச்சில் இந்திய உதவி என்றார்கள். வல்லரசுகள் எங்கள் மூன்று தீவுகளின் பெயரை உச்சரித்த அந்த மாதங்களில், ஒரு கட்சியாவது நயினாதீவு இறங்குதுறையில் கூட்டம் வைத்து, மின்சாரத்துக்கு யார் உரிமையாளர், அலகு என்ன விலை, பராமரிப்பு யார் கையில் என்று விளக்கியிருந்தால், அதன் பெயருக்கு நான் மதிப்புக் கொடுத்திருப்பேன்.

மக்களிடம் கணக்குச் சொல்லும் பழக்கம் கட்சிக்குள்ளேயே தொடங்க வேண்டும். ஜெர்மனியின் அடிப்படைச் சட்டம், கட்சிகளின் உள்ளமைப்பு ஜனநாயகத்தோடு இசைந்திருக்க வேண்டும் என்று 21ஆம் உறுப்புரையில் கட்டளையிடுகிறது. எங்கள் பக்கத்தில், 2024 ஜனவரியில் திருகோணமலையில் தமிழரசுக் கட்சித் தலைவர் பதவிக்கு வாக்கெடுப்பு நடந்து சி. சிறீதரன் வென்றபோது நான் மகிழ்ந்தேன்; உடனே வழக்கு வந்து அது முடங்கியபோது வருந்தினேன். உட்கட்சித் தேர்தலை நடத்தத் தெரியாதவர்களிடம் சமஷ்டியின் நுணுக்கங்களை எப்படி ஒப்படைப்பது?

மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். 1947 முதல் இந்தத் தொகுதியில் விநியோகிக்கப்பட்ட தேர்தல் துண்டுப்பிரசுரங்கள், அறிக்கைகள், மலர்கள் பல வீடுகளில் பெட்டிகளுக்கு அடியிலும் பரண்களிலும் கிடக்கின்றன. ஒவ்வொரு தீவிலும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து அவற்றைத் தேடுங்கள். வேட்பாளர் பெயர், கட்சி, சின்னம், அவர் தந்த வாக்குறுதி, பிறகு பாராளுமன்றத்தில் அவர் அளித்த வாக்கு என்று வரிசையாக எழுதுங்கள்; ஹன்சாட் பதிவுகளைப் பார்த்துக் கடைசிப் பத்தியை நிரப்பலாம். ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலக நிறுவனத்திடம் பிரதிகளைக் கொடுங்கள். அடுத்த தேர்தலில் எந்தப் பெயரில், எந்தச் சின்னத்தில் எவர் வந்தாலும், அந்தப் பட்டியலைக் கூட்டத்துக்கு எடுத்துப் போய் அவருடைய வரிசையை வாசித்துக் காட்டிப் பதில் கேளுங்கள். என்னிடம் இருக்கும் பிரசுரங்கள் ஒரு கட்டுக்குமேல் வரும். இன்று கையோடு கொண்டுவந்திருக்கிறேன், கூட்டம் முடிந்ததும் பொறுப்பாசிரியரிடம் தந்துவிடுகிறேன்.